புது ஜாய்ஸ்டிக் நடுவில் ‘தடக்’ என்கிறது: கோளாறு பேஸிலா, அமைப்பிலா?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அன்பர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் வேலையிடமும் இங்கே வேண்டாம். கடிதத்தின் சாரம் இது.

அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் முறையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறார். ஆறு ஆண்டுகள் ஒரு பிளாஸ்டிக் ஜாய்ஸ்டிக்கை வைத்து வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டியவர், போனஸ் பணத்தில் இணையம் வழி ஓர் உலோக பேஸ் (ஜாய்ஸ்டிக்கின் அடிப்பகுதி), கனமான கிரிப் (கைப்பிடி), இரண்டுக்கும் இடையில் மாட்டும் 10 செ.மீ. நீட்டுக் குழாய் மூன்றையும் வாங்கினார். பெட்டிக்குள் மூன்று வலிமைகளில் ஸ்பிரிங்குகளும் இரண்டு ஜோடி கேம்களும் (அசைவின் உணர்வைத் தீர்மானிக்கும் வளைந்த விளிம்புத் துண்டுகள்) இருந்தன. “நிஜ விமானம் விறைப்பாகத்தான் இருக்கும்” என்று நண்பர் சொன்னதைக் கேட்டு, இருப்பதிலேயே கனத்த ஸ்பிரிங்கைப் பூட்டி, கிளட்ச் (அசைவைத் தணிக்கும் உராய்வுத் தட்டு) திருகையும் நன்றாக முடுக்கிவிட்டார். அன்றிலிருந்து தொல்லை. நடுப்புள்ளியைத் தாண்டும்போது ‘தடக்’ என்று கை உணர்கிறது. கையை விட்டால் கிரிப் முன்பக்கம் சற்றுச் சாய்ந்தே நிற்கிறது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் 04 ஓடுபாதையில் போயிங் 737-ஐ இறக்கும்போது மூக்கு மேலும் கீழும் தாவுகிறது, முழு நேரமும் கிரிப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் பாதி நாள் ஓட்டும் ஏர்பஸ் ஏ320-இல் இந்த இழுப்பு இல்லை. தாவலைச் சமாளிக்க மென்பொருளில் டெட்ஸோனை (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத இடம்) 15 விழுக்காட்டுக்கும், கர்வை (நடுவில் உணர்திறனைக் குறைக்கும் வளைவு) 40-க்கும் ஏற்றியிருக்கிறார். இரவு ஷிப்ட் இல்லாத நாள்களில் ஓட்டினால் கிரீச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறது என்பதால், வீட்டில் இருந்த துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடித்தார். இரண்டு நாள் சத்தம் நின்றது, பிறகு முன்பைவிட அதிகமாகிவிட்டது. விற்பனையாளரைக் கேட்டால், “திறந்தால் வாரண்டி போய்விடும்” என்கிறார்.

கேள்விகள் மூன்று. பேஸ் பழுதா? திறந்து சரிசெய்யலாமா? அல்லது விற்றுவிட்டு, மோட்டார் வைத்த ஃபோர்ஸ் ஃபீட்பேக் பேஸ் வாங்கிவிடலாமா?

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பேஸ் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் பட்டியலிட்ட தொல்லைகளில் பெரும்பாலானவை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்புகளால் வந்தவை. கிரீச் சத்தம் கூடியது அந்த ஸ்பிரேயால். ஆனால் ‘வாய்ப்பு குறைவு’ என்பதை நம்பி ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. முதலில் பழுதா இல்லையா என்பதைப் பத்து நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

திறக்கும் முன் ஒரு சோதனை

தயாரிப்பாளரின் அமைப்பு மென்பொருளில் அச்சின் மூல எண், அதாவது கர்வும் டெட்ஸோனும் படாத எண், தெரியும் பக்கத்துக்குப் போங்கள். கிரிப்பை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக, பத்து விநாடி எடுத்து நகர்த்துங்கள். எண் ஒழுங்காக ஏறி இறங்கினால் சென்சார் நலம். நடுவில் எண் துள்ளினாலோ, ஓரிடத்தில் உறைந்து நின்று பிறகு தாவினாலோ, கை படாமலே இங்கும் அங்கும் ஓடினாலோ, அது சென்சார் அல்லது வயர் கோளாறு. அப்படியானால் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து விற்பனையாளருக்கு அனுப்புங்கள். மேலே எதையும் கழற்ற வேண்டாம்.

அடுத்து, பேஸை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் கிரிப்பின் அடியைப் பற்றி லேசாக ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்ற ஆட்டம் கிரிப்பும் குழாயும் சேரும் இடத்தில் இருந்தால் அங்குள்ள மோதிர நட் தளர்ந்திருக்கிறது. இறுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். கிரிப்பைத் திருப்பினால் உள்ளே இருக்கும் சிறிய வட்டப் பிளக்கின் ஊசிகள் வளைந்துவிடும், அந்தச் செலவை எந்த வாரண்டியும் ஏற்காது. ஆட்டம் பேஸுக்குள் ஆழத்தில் இருக்கிறது, எண்ணும் அதோடு சேர்ந்து மாறவில்லை என்றால் கேம் திருகோ பேரிங்கோ தளர்ந்திருக்கலாம். அதை உள்ளே பார்க்கும்போது கவனிக்கலாம்.

வாரண்டியைப் பற்றி

ஸ்பிரிங்கும் கேமும் மாற்று உதிரிகளாகப் பெட்டிக்குள்ளேயே வந்திருக்கின்றன. மாற்றுவது எப்படி என்று கையேட்டிலும் படம் போட்டிருப்பார்கள். தயாரிப்பாளர் செய்யச் சொன்னதைச் செய்தால் அது ‘திறந்துவிட்டார்’ என்ற கணக்கில் வராது. கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து விற்பனையாளருக்கு அனுப்பி, “இதை நான் செய்யலாமா?” என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். சர்க்யூட் பலகையின் மூடியைத் திறப்பது வேறு விஷயம். அதில் கை வைக்க வேண்டாம், இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

ஒருவேளை சென்சார் பழுது என்று தெரிந்து, விற்பனையாளர் கையை விரித்தால்? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைத் தருகிறது. கடையின் ஒரு வரி நிபந்தனையால் அதை இல்லாமல் ஆக்கிவிட முடியாது. பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், மூன்று ஆண்டுக்குள், 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கைப் பதியலாம். ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் நிறைவேற்றுவது கடினம். அப்போது வாங்கிய தளத்தின் பணம் திரும்பும் காலக்கெடுதான் உங்கள் பிடிமானம். அது சில நாள்களில் முடிந்துவிடும் என்பதால் மேலே சொன்ன சோதனையை இன்றே செய்துவிடுங்கள். ஸ்பிரே அடித்ததையும் மறைக்காதீர்கள். பிறகு அவர்களே கண்டுபிடித்தால் உங்கள் பக்க நியாயம் முழுவதும் வலுவிழந்துவிடும்.

அந்தத் ‘தடக்’ எங்கிருந்து வருகிறது

மூடியைக் கழற்றியதும் ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு கேம் இருப்பதைப் பார்ப்பீர்கள். அதன் விளிம்பின் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு சிறிய பேரிங் உட்கார்ந்திருக்கும். பேரிங் ஒரு நெம்புகோலின் நுனியில் இருக்கிறது, நெம்புகோலை ஸ்பிரிங் இழுத்து அழுத்துகிறது. நீங்கள் கிரிப்பைத் தள்ளும்போது கேம் திரும்பி, பேரிங்கைப் பள்ளத்திலிருந்து சரிவில் ஏற்றுகிறது. ஸ்பிரிங் நீள்கிறது. கையை விட்டால் பேரிங் சரிவில் உருண்டு மறுபடி பள்ளத்தில் விழுகிறது. நடுப்புள்ளி என்பது அந்தப் பள்ளம்தான்.

பள்ளம் ‘வி’ வடிவில் கூர்மையாக இருந்தால், பேரிங் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு ஒரேயடியாக மாறுகிறது. கை அதைத் ‘தடக்’ என்று படிக்கிறது. அது பழுது அல்ல, அந்த கேமின் குணம். நடு எங்கே என்பது பார்க்காமலே கைக்குத் தெரிய வேண்டும் என்பவர்களுக்காக வைத்தது. பள்ளம் வழவழப்பான கிண்ணம்போல் இருந்தால் அந்தக் கூர்மை காணாமல் போகும். ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்குப் பள்ளமே இல்லாத கேமும் உண்டு, அது உங்களுக்கு வேண்டாம்.

இதில் ஸ்பிரிங்கின் பங்கு என்ன? கூர்மையான பள்ளத்தின் மேல் கனத்த ஸ்பிரிங்கைப் போட்டால், பேரிங்கை முதல் சரிவில் ஏற்றத் தேவைப்படும் விசை பெருகும். நடுவை விட்டு வெளியேற ஒரு பெரிய உந்தல், வெளியே வந்ததும் திடீர் இளக்கம். இறங்கும் நேரத்தில் மூக்கை அரை டிகிரி தூக்க வேண்டியவர் இரண்டு டிகிரி தூக்கிவிடுகிறார், உடனே பயந்து இறக்குகிறார். 737 தாவுவதற்குப் பாதிக் காரணம் இது. அதாவது நுணுக்கமான கட்டுப்பாட்டுக்காக நீங்கள் போட்ட ஸ்பிரிங்தான் அதைப் பறித்திருக்கிறது.

விறைப்பு நிஜத்துக்கு நெருக்கம் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. எந்த விமானம் என்பதைப் பொறுத்தது அது. எஃப்-16 போர் விமானத்தின் ஸ்டிக் முதலில் அசையவே இல்லை, விசையை மட்டும் அளந்தது. விமானிகளுக்குப் பிடிக்காமல் போக, பின்னர் மிகச் சிறிய அசைவைச் சேர்த்தார்கள். ஏர்பஸ் ஏ320-இன் பக்கவாட்டு ஸ்டிக் முன்பின்னாக 16 டிகிரி, பக்கவாட்டில் 20 டிகிரி நகரும். ஸ்பிரிங்கால் நடுவுக்குத் திரும்பும், காற்றின் அழுத்தம் எதையும் கைக்குத் திருப்பித் தராது. 737-இல் வேகம் கூடக் கூட முன்பின் விசையும் கூடும்படி ஒரு ‘ஃபீல் கம்ப்யூட்டர்’ உண்டு. ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கால் அதை நடிக்க முடியாது. ஆகவே ‘நிஜம் மாதிரி’ என்று தேடாமல், ‘என் கை சிறிய அசைவைச் சொல்லியபடி செய்கிறதா’ என்று தேடுங்கள்.

கிரிப் ஏன் முன்னால் சாய்ந்து நிற்கிறது

கிளட்ச் என்பது அச்சின் பக்கத்தில் உராயும் ஒரு தட்டு. முடுக்கினால் உராய்வு கூடும். கையை விட்ட பிறகு கிரிப் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் தடுப்பதே அதன் வேலை, விறைப்பைக் கூட்டுவது அல்ல. கிரிப்பை நடுவுக்குத் திருப்பி இழுப்பது ஸ்பிரிங் மட்டும்தான். கிளட்சின் உராய்வு அதைவிடப் பெரியதாகிவிட்டால், திரும்பி வரும் கிரிப் நடுவுக்குச் சற்று முன்பே நின்றுவிடும்.

முன்பக்கம் மட்டும் சாய்வதற்குக் கனமும் சேர்ந்துகொள்கிறது. கனத்த கிரிப்புகளின் தலை முன்னோக்கி வளைந்திருக்கும், எனவே எடையின் மையம் அச்சுக்கு முன்னால் விழுகிறது. ஒரு கணக்கு: 800 கிராம் கிரிப்பின் எடை மையம் அச்சிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருந்தால், 5 டிகிரி சாயும்போது எடை அதை மேலும் சாய்க்கும் முறுக்கு ஏறத்தாழ 0.17 நியூட்டன் மீட்டர். 20 டிகிரியில் அது 0.67. கிரிப் மட்டத்தில் சுமார் 270 கிராம் எடையைக் கொக்கியில் மாட்டி இழுப்பதற்குச் சமம். இந்தச் சாய்ப்பைச் சமாளிக்கப் பிட்ச் (முன்பின்) அச்சுக்குச் சற்று வலிய ஸ்பிரிங் தேவைதான். ஆனால் கிளட்சை இறுக்கி அதைச் செய்ய முடியாது.

நீட்டுக் குழாயும் இங்கே பேச வேண்டியது. அது இல்லாமல் கைப்பிடி அச்சிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருந்தால், 20 டிகிரி அசைவுக்குக் கை நகரும் தூரம் சுமார் 4.2 செ.மீ. குழாயைச் சேர்த்து 22 செ.மீ. ஆக்கினால் அதே 20 டிகிரிக்கு 7.7 செ.மீ. கையின் அதே சிறு நடுக்கம் விமானத்தில் பாதியாகத்தான் தெரியும். இவ்வளவு நல்ல விஷயத்தைக் குழாய் தருகிறது. விலையாக, கையில் உணரும் ஸ்பிரிங் விசையைப் பாதிக்கு அருகே குறைத்துவிடுகிறது. குழாயை மாட்டியதும் ‘தளதள’ என்று இருந்திருக்கும், அதனால்தான் கனத்த ஸ்பிரிங் யோசனை நியாயமாகப் பட்டிருக்கும். குழாயைக் கழற்ற வேண்டாம். கால்களுக்கு நடுவே தாழ்வாக வைத்துப் பயன்படுத்துங்கள். மேசைமேல் வைத்தால் தோள் உயர்ந்து, கை களைத்து, நடுங்கும்.

வேலையைத் தொடங்குமுன் தராசு

பயணப் பெட்டி எடை பார்க்கும் சிறிய கொக்கித் தராசு போதும். கிரிப்பில் விரல் படும் உயரத்தில் ஒரு நூல் கட்டி, கொக்கியை மாட்டி மெதுவாக இழுங்கள். அசையத் தொடங்கும் எடையையும், பாதித் தூரத்தில் காட்டும் எடையையும் எழுதுங்கள். பிறகு அதே பாதித் தூரத்தில், மெல்லத் திரும்ப விடும்போது தராசு காட்டுவதையும் எழுதுங்கள். போகும்போது 620 கிராம், திரும்பும்போது 380 என்றால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் பாதி, 120 கிராம், உராய்வு. நடு எண் 500 கிராம் ஸ்பிரிங்கின் வேலை. நான்கு திசையிலும் ஐந்தைந்து முறை பாருங்கள். இயந்திரப் பராமரிப்புக் கைக்கு இது அரை மணி நேர வேலை. இந்த எண்கள் இல்லாமல் ‘கொஞ்சம் நல்லா இருக்கு, கொஞ்சம் மோசமா இருக்கு’ என்று திருகிக்கொண்டே இருந்தால் வாரக்கடைசி முழுக்கப் போய்விடும்.

உள்ளே செய்ய வேண்டியது

யு.எஸ்.பி. வயரைப் பிடுங்குங்கள். பனிக்கட்டித் தட்டு ஒன்றை எடுத்து, எந்தத் திருகு எந்தக் குழியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் மாறிய திருகு ஒன்று உள்ளே போய் இடித்தால் தெரியவே தெரியாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுங்கள். கண்ணாடி போடுங்கள், ஸ்பிரிங் கொக்கி நழுவினால் முகத்துக்குத்தான் வரும். கொக்கியை இழுக்கக் குறடு வேண்டாம். குறட்டின் பல் பட்ட இடத்தில் கீறல் விழுந்து, ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங் அங்கேயே முறியும். தடித்த தூண்டில் நைலான் கயிற்றை இரண்டாக மடித்துக் கொக்கியில் கோர்த்து இழுத்து மாட்டுங்கள். ஆலன் கீயின் நீண்ட முனையைத் திருகில் வைத்து, குட்டை முனையைப் பிடித்து இறுக்குங்கள். விரல் பலம் போதும். உலோகத்துக்குள் போகும் திருகுக்கு திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற திரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு இடலாம். பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகுக்கு இடவே கூடாது, சில வகைப் பிளாஸ்டிக் அதில் வெடித்துவிடும்.

இப்போது ஸ்பிரேயின் கணக்கைத் தீர்க்கலாம். துரு நீக்கும் எண்ணெய், தயாரிப்பாளர் தடவியிருந்த கிரீஸைக் கரைத்து ஓடவிட்டு, இரண்டு நாளில் தானும் ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவது உலர்ந்த உலோகம். அதனால்தான் கிரீச் முன்பைவிட அதிகம். ஓடிய எண்ணெயில் கொஞ்சம் கிளட்ச் தட்டிலும் ஏறியிருக்கும், அதுவே ஒருமுறை பிடித்து ஒருமுறை வழுக்கும் உணர்வைக் கொடுக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் 99 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, கேமின் விளிம்பு, பேரிங்கின் வெளிப்புறம், கிளட்ச் தட்டின் இரு முகம் ஆகியவற்றைப் பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டுப் புட்டியில் மீதம் தண்ணீர், அதை எடுக்க வேண்டாம். மின்னணு உதிரிக் கடைகளில் கேளுங்கள். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் அருகில், உங்களுக்குத் தொழிற்சாலைக்குப் பொருள் கொடுப்பவர்களே போதும். பேரிங்கின் உட்பக்கத்துக்குள் ஆல்கஹாலை ஊற்ற வேண்டாம். அதன் உயிர்க் கிரீஸ் அங்கேதான் இருக்கிறது.

காய்ந்ததும், பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாத பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) கலந்த செயற்கைக் கிரீஸ் ஒன்றை எடுங்கள். ஒரு கேமுக்கு ஒரு கடுகளவு போதும். கேம் விளிம்பில் தடவி, கையால் பேரிங்கை இருபுறமும் ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவும். ஸ்பிரிங்கின் இரண்டு கொக்கிகளிலும் ஒரு பொட்டு. பலமுறை அந்தக் கிரீச்சின் தாய்வீடு கொக்கிதான். கிளட்ச் தட்டில் எதுவும் இடாதீர்கள், அது உலர்ந்தே இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சங்கிலிக் கிரீஸும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் பந்துவகை ஜாய்ஸ்டிக்குக்காகச் சிலர் பரிந்துரைக்கும் தேன்போல் கெட்டியான டேம்பிங் கிரீஸும் இங்கே ஒத்துவராது. உருளும் பேரிங்கை அது இழுத்துப் பிடிக்கும்.

எந்த ஸ்பிரிங், எந்த கேம்? இரண்டு அச்சிலும் கிண்ணப் பள்ளம் உள்ள கேமைப் போடுங்கள். பிட்சுக்கு நடுத்தர ஸ்பிரிங், ரோலுக்கு (பக்கவாட்டு அசைவு) அதற்கும் ஒரு படி மெல்லியது. விமானப் பொறியாளர்கள் ஏலரான் (பக்கவாட்டுச் சாய்வு), எலிவேட்டர் (மூக்கின் ஏற்ற இறக்கம்), ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்புவது) மூன்றின் விசைக்கும் 1, 2, 4 என்ற விகிதத்தை ஒரு பொது வழிகாட்டியாகச் சொல்வார்கள். மணிக்கட்டு பக்கவாட்டில் எளிதில் களைக்கும் என்பதும் ஒரு காரணம். இரண்டு அச்சிலும் ஒரே ஸ்பிரிங் போட்டவர்கள், கிரிப்பைப் பின்னால் இழுக்கும்போது தெரியாமலே இடப்பக்கமும் சாய்த்துவிடுவார்கள். ஓடுபாதைக்கு நேராக வந்தவர் கடைசி விநாடியில் விலகுவதற்கு இது ஒரு வழி.

இனி கிளட்ச். முழுவதும் தளர்த்துங்கள். கிரிப்பைப் பாதித் தூரம் தள்ளி விடுங்கள். அது நடுவைத் தாண்டி ஆறேழு முறை ஆடும். திருகைக் கால் சுற்று முடுக்கி மறுபடி விடுங்கள். மறுபடி கால் சுற்று. ஒரே ஒரு முறை நடுவைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிற்கும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கும் மேல் கால் சுற்று போனால் கிரிப் நடுவுக்குச் சோம்பேறித்தனமாக ஊர்ந்து வரும், இன்னும் போனால் வராமலே நிற்கும். அந்த எல்லையைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு உங்களுக்குச் சந்தேகமே வராது. பிட்சுக்கும் ரோலுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். கிளட்ச் தட்டில் எண்ணெய் மிச்சம் இருந்தால் நேற்று வைத்தது இன்று மாறியிருக்கும், மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேமை மாற்றிய அன்றே ஸ்பிரிங்கையும் மாற்றினால், எது எதைச் செய்தது என்று தெரியாது.

மேசை

உறிஞ்சி ரப்பரை நம்ப வேண்டாம். நீங்கள் இழுக்கும்போது பேஸின் முன்விளிம்பு அரை மில்லிமீட்டர் தூக்கினால் போதும், அதைக் கை ‘நடுவில் தளர்ச்சி’ என்றுதான் உணரும். பேஸின் மூலையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கிரிப்பை முழுதும் இழுங்கள். காகிதம் எளிதாக வெளியே வந்தால் பேஸ் தூக்குகிறது. 18 மி.மீ. பிளைவுட்டில் 30-க்கு 40 செ.மீ. பலகை ஒன்றை வெட்டி, பேஸை அதில் போல்ட் செய்து, பலகையை நாற்காலிக்கோ தனித் தாங்கிக்கோ இறுக்குங்கள். கடையில் வாங்கிய படிப்பு மேசைகள் பெரும்பாலும் அழுத்திய மரத்தூள் பலகை. கிளாம்ப் நேராகப் பட்டால் நசுங்கும், இடையில் ஒரு பிளைவுட் துண்டு வையுங்கள். போல்ட் நீளத்தை அளந்தே வாங்குங்கள். துளையைத் தாண்டி உள்ளே நீளும் போல்ட், நேராகச் சென்று சர்க்யூட் பலகையைத் தொடும்.

மென்பொருள் கடைசியில்தான்

டெட்ஸோன் 15 விழுக்காடு என்றால் 20 டிகிரி அசைவில் இருபுறமும் மூன்று மூன்று டிகிரி செத்த இடம். குழாயோடு சேர்த்துக் கை சுமார் 11.5 மி.மீ. நகர்ந்தாலும் விமானம் கேட்காது. பிறகு திடீரென்று கேட்கும். கேமின் தடக்கோடு இது சேர்ந்தால் ஒரே இடத்தில் இரண்டு தாவல். காந்த சென்சார் உள்ள பேஸுக்கு டெட்ஸோன் தேவைப்படுவது அரிது. சுழியத்தில் தொடங்குங்கள், கை வைக்காதபோது எண் நடுங்கினால் மட்டும் ஒரு விழுக்காடு கொடுங்கள்.

கர்வுக்கு வருவோம். பரவலாக உள்ள முப்படி வளைவை எடுத்தால், 40 விழுக்காட்டில் நடுவின் உணர்திறன் 60 விழுக்காடாகக் குறைகிறது, கோடியில் 180-ஆக உயர்கிறது. மூன்று மடங்கு வித்தியாசம். நீங்கள் மூக்கைத் தூக்கும் நேரத்தில் கிரிப்பைப் பாதிக்கு மேல் இழுத்தால், கை பழகிய அளவு அங்கே செல்லாது. நீட்டுக் குழாய் ஏற்கெனவே அந்த மென்மையைத் தந்துவிட்டது. முதல் வாரம் கர்வை முற்றிலும் எடுத்துவிடுங்கள். பிறகு தேவைப்பட்டால் 10, அதிகபட்சம் 20. கர்வை பேஸின் மென்பொருளிலோ விளையாட்டிலோ ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். இரண்டிலும் வைத்தால் இரண்டும் பெருக்கிக்கொள்ளும்.

கேமை மாற்றிய பிறகு நடுப்புள்ளி சற்று நகர்ந்திருக்கும், எனவே பேஸின் மென்பொருளில் கேலிபரேஷன் (நடுவையும் கோடிகளையும் மறுபடி பதிவது) கட்டாயம். நான்கு கோடியையும் மெதுவாகத் தொட்டு, கையை விட்டு நடுவைப் பதியுங்கள். விண்டோஸின் தனிக் கேலிபரேஷன் முன்பு செய்திருந்தால் அதை மீட்டமைத்துவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கேலிபரேஷன் இருந்தால் ஒருபக்கம் முழு அசைவு கிடைக்காது.

737-இல் இன்னொரு சந்தேகம்

“இறங்கும்போது முழு நேரமும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அது பேஸின் குற்றமல்ல, டிரிம், அதாவது கையை எடுத்தாலும் மூக்கு அதே நிலையில் நிற்கும்படி சரிசெய்யும் வசதி, பயன்படுத்தாதது. மூக்கைச் சரியான இடத்தில் கையால் பிடியுங்கள், டிரிம் பொத்தானை ஒரு தட்டு, கையை அதே அளவு தளர்த்துங்கள், மறுபடி ஒரு தட்டு. கிரிப் நடுவில் இருக்கும்போதே விமானம் அந்தச் சரிவில் வர வேண்டும். ஏ320-இல் வழக்கமான பறப்பில் விமானமே இதைச் செய்துகொள்கிறது. அதனால்தான் அங்கே உங்களுக்கு இந்தக் குறை தெரியவில்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மோட்டார் வைத்த ஃபோர்ஸ் ஃபீட்பேக் பேஸ், டிரிம் செய்யும்போது நடுப்புள்ளியையே நகர்த்தும். வேகத்துக்கேற்ப விசையைக் கூட்டும். செஸ்னா, 737, ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு அது பெரிய மாற்றம். ஆனால் நீங்கள் வாரத்தில் பாதி நாள் ஏ320 ஓட்டுகிறீர்கள், அங்கே ஸ்பிரிங்கும் கொஞ்சம் தணிப்பும் உள்ள உங்கள் பேஸே நிஜத்துக்கு அருகில் இருக்கிறது. மோட்டார் பேஸுக்கும் பலகை, கிளாம்ப், உராய்வு, கர்வு என்று இதே அமைப்புத் தொல்லைகள் உண்டு. கூடவே மின்விசிறி, மோட்டார் ஒலி. குழந்தை உறங்கும் அறைக்குப் பக்கத்தில் அதையும் யோசியுங்கள். இப்போது விற்றால் அரைகுறையாக அமைத்த பேஸை அரை விலைக்குத்தான் கேட்பார்கள். ஒரு மாதம் மேலே சொன்ன அமைப்பில் ஓட்டிப் பார்த்த பிறகும் 737-தான் உங்கள் மனம் என்றால், அப்போது வாங்குவதில் தவறில்லை.

கழற்றிய கனத்த ஸ்பிரிங்கை எறிந்துவிடாதீர்கள். பினாங்கின் ஈரக் காற்றில் வெறும் எஃகு சீக்கிரம் துருவேறும். மெல்லக் கிரீஸ் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு ஜிப் பையில் போட்டு, எந்த வலிமை என்று மேலே எழுதி வையுங்கள். தராசு எண்களையும் அதே பையில் ஒரு தாளில் எழுதிப் போட்டுவிட்டால், நீட்டுக் குழாயைக் கழற்றும் நாள் வந்தாலோ, கிரிப்பை மாற்றும் நாள் வந்தாலோ முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.